நேரம் எழுதிய காகிதங்கள்

ஆஸ்பத்திரி விவகாரத்தோடு என்னிடம் வருகிறவர்கள் ஒன்று ரொம்ப முந்தி வருகிறார்கள், இல்லையென்றால் ரொம்பப் பிந்தி வருகிறார்கள். முந்தி வருகிறவர்கள் மார்ச்சுவரி வாசலிலிருந்தே ஃபோன் செய்வார்கள். பின்னால் கூச்சலும் அழுகையும் கேட்கும். "வக்கீலம்மா, அந்த டாக்டரை இன்னிக்கே உள்ள வைக்கணும். பாடிய வாங்க மாட்டோம்னு சொல்லிட்டோம். அடுத்து என்ன செய்யணும்?" பிந்தி வருகிறவர்கள் தலைத் திவசம் முடித்து, அதற்கு மேலும் இரண்டு வருஷம் போக்கிவிட்டு, மஞ்சள் பையில் ஒற்றை டிஸ்சார்ஜ் சம்மரியோடு வந்து உட்காருவார்கள். "விதின்னு விட்ரலாம்னுதாம்மா நெனச்சோம். மனசு ஆற மாட்டேங்குது."

இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம். காகிதம் சேர்ப்பதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவக் கவனக்குறைவுக்கு வக்கீலை எப்போது பார்ப்பது என்று கேட்டால், என்ன நடந்தது என்றே விளங்காமல் நிற்கிற முதல் சில வாரங்களில் என்பேன். அப்போது என் வேலை சண்டை போடுவதாக இருக்காது. வாசிப்பதாக இருக்கும்.

மதுரையில் நான் கறுப்புக் கோட்டுப் போட்ட காலத்தில் இந்த வகை வழக்குகளை யாரும் விரும்பி எடுப்பதில்லை. என் சீனியர் சிவில் வக்கீல். பாகப்பிரிவினை, பத்திரம், பட்டா என்று பெயர் எடுத்தவர். ஆஸ்பத்திரி ஃபைல் எது வந்தாலும் என் மேசைக்குத் தள்ளிவிடுவார். 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிச் செய்கிற சிகிச்சை 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு சேவைதான் என்று சொல்லியிருந்தது. அதுவரை சிவில் கோர்ட்டில் நீதிமன்றக் கட்டணம் கட்ட முடியாமல் ஒதுங்கியிருந்த ஜனங்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியாக வந்தவர்களைத்தான் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் சந்திப்பில் வருகிறவர்கள் கதையைச் சொல்வார்கள். குறுக்கிடாமல் கேட்பேன். பிறகு, வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்வேன். மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், ஸ்கேன் படம், அட்வான்ஸ் கட்டிய ரசீது, மெடிக்கல் ஷாப் பில், ஆம்புலன்சுக்குக் கொடுத்த ரசீது எல்லாம். "அந்த மெடிக்கல் பில்லெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

மதுரைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், சிறிய நர்சிங் ஹோம். முதல் பிரசவம், சிசேரியன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆண் குழந்தை. தாய் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி இனிப்பும் கொடுத்திருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் "ரத்தம் நிக்கல, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையை எங்கள் ஊரில் பெரியாஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். அங்கே சேர்த்து விடிவதற்குள் அவள் இறந்துவிட்டாள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் தன் மாமனாரோடு வந்தார். டாக்டரைத் திட்டவில்லை. "திடீர்னு ரத்தம் போச்சுன்னு சொல்றாங்க. அப்படித் திடீர்னு போகுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

போகும் என்பதுதான் உண்மை. பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டுவது எந்த நல்ல மருத்துவர் கையிலும் நடக்கக்கூடியது. அது நடந்தது என்பதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எப்போது தொடங்கியது, யார் எப்போது கவனித்தார்கள், கவனித்தபின் எவ்வளவு நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

கேஸ் ஷீட் கேட்டுக் கடிதம் எழுதினோம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பல ஆஸ்பத்திரிகள் இன்றும் "டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாச்சே" என்று சொல்லி அனுப்பிவிடுகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரி என்பது நடந்து முடிந்தபின் உட்கார்ந்து எழுதிய சுருக்கம். எனக்கு வேண்டியது நடக்க நடக்க எழுதியது. டாக்டர் குறிப்பு, நர்ஸ் சார்ட், மயக்க மருந்து சார்ட், ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம், எவ்வளவு ஏற்றினார்கள் எவ்வளவு வெளியேறியது என்கிற கணக்கு. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். வாயால் கேட்டதற்கு எந்த நீதிமன்றத்திலும் சாட்சி கிடையாது.

டாக்டர் குறிப்பில் "இரவு 10.15, திடீர் ரத்தப்போக்கு" என்று இருந்தது. நர்ஸ் சார்ட்டில் நாடித் துடிப்பு எட்டரைக்கு 104, ஒன்பதுக்கு 118, ஒன்பதரைக்கு 132. ரத்த அழுத்தம் அதுவரை பெரிதாக இறங்கவில்லை. இளம் உடம்பு கடைசிவரை தாக்குப்பிடிக்கும், அழுத்தம் விழுவதற்கு வெகுநேரம் முன்பே நாடி ஓடத் தொடங்கிவிடும் என்பதை எனக்கு ஓய்வுபெற்ற ஒரு சர்ஜன்தான் சொல்லிக் கொடுத்தார். அந்த எண்களை நர்ஸ் எழுதியிருக்கிறார். யாரும் பார்த்ததாகக் குறிப்பில்லை.

பிறகு அந்த மெடிக்கல் பில்கள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் ஒரு பில் இரவு 8.40க்கு அச்சானது. கருப்பையைச் சுருங்க வைக்கும் மாத்திரையும் ஊசியும் அதில் இருந்தன. பத்தேகாலுக்குத்தான் ரத்தப்போக்கு தொடங்கியது என்றால் எட்டு நாற்பதுக்கு அந்த மருந்து எதற்கு? முன்னெச்சரிக்கையாகக் கொடுத்தோம் என்று ஆஸ்பத்திரி பதில் சொன்னது. தனியாகப் பார்த்தால் அது நியாயமான பதில்தான். அப்படிக் கொடுக்கிற வழக்கம் உண்டு. ஆனால் அந்தப் பில்லையும் நாடிக் கணக்கையும், ரத்த வங்கியில் ரத்தம் கேட்ட சீட்டு 11.05க்குத்தான் பதிவாகியிருந்ததையும், பெரியாஸ்பத்திரியின் பதிவேட்டில் இருந்த வந்து சேர்ந்த நேரத்தையும் வரிசையாக வைத்தபோது முன்னெச்சரிக்கை என்ற விளக்கம் நிற்கவில்லை. இரண்டரை மணி நேரம் ரத்தம் போய்க்கொண்டிருந்தது, ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யவில்லை, வசதியுள்ள இடத்துக்கு அனுப்பவும் இல்லை என்று மாவட்ட நுகர்வோர் ஆணையம் முடிவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி மேல்முறையீடு செய்தது. தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டினால்தான் மாநில ஆணையம் மேல்முறையீட்டை எடுக்கும் என்பதால் பாதித் தொகை கட்டப்பட்டது. மாநில ஆணையத்தின் மதுரை அமர்வில் அது முடிவதற்குள் அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான்.

இந்த வழக்கு நின்றது என் வாதத்தால் அல்ல. காரியம் முடிந்த கையோடு அவர்கள் வந்ததால் நின்றது. ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் வெயிலில் வெளுத்துப்போகும் அந்தத் தெர்மல் பில்லில் ஒரு எழுத்தும் மிஞ்சியிருக்காது. பில் கிடைத்தவுடன் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள் என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறேன்.

மார்ச்சுவரி வாசலிலிருந்து ஃபோன் செய்கிறவர்களிடம் முதலில் நான் கேட்பது பிரேதப் பரிசோதனை பற்றி. நம் குடும்பங்களுக்கு அது பெரிய வேதனை. "போனதும் போச்சு, அறுக்க வேற செய்யணுமா?" என்பார்கள். அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆபரேஷன் மேசையிலோ ஊசி போட்ட சில நிமிஷத்திலோ காரணம் தெரியாமல் ஒருவர் இறந்திருந்தால், இறப்பின் காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த உடல்தான். எரித்த பிறகு, மாரடைப்பு என்று எழுதினால் மாரடைப்புதான். சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். மறியல் வேண்டாம், கண்ணாடியை உடைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். மருத்துவமனைகளையும் ஊழியர்களையும் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனார் ஒருவர் அந்தச் சட்டத்தில் கைதாகி, மகனின் காரியத்துக்கே ஜாமீனில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கையெழுத்து. உடலை எடுத்துப்போகும் நேரத்தில், "எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் உள்ளே போய்ப் பேசி, பில்லைத் தள்ளுபடி செய்து கையில் ஒரு தொகையையும் வாங்கிக் கொடுத்து முடித்துவைப்பார். அந்தப் பணத்தை வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்குச் சோற்றுக்கு வழி வேண்டும். எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள், ஃபோட்டோ எடுத்தாவது அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். அழுதுகொண்டே போட்ட கையெழுத்து எல்லா உரிமையையும் அழித்துவிடாது. ஆனால் அதைத் தாண்டி வர ஆணையத்தில் பாதி வாய்தா போய்விடும்.

டாக்டரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும். காவல்துறை வழக்கைத் தொடர்வதற்கு முன் அதே துறையைச் சேர்ந்த, முடிந்தால் அரசுப் பணியில் உள்ள, சார்பற்ற ஒரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். வழக்கமாகக் கைது செய்யக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் பதிவுபெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை. என் அனுபவத்தில் குற்ற வழக்கை முதலில் தொடங்கியவர்கள் பலர் சிவில் பரிகாரத்தையும் சேர்த்து இழந்திருக்கிறார்கள். காவல்துறை ஃபைலை மருத்துவக் குழுவுக்கு அனுப்பும். குழு இரண்டு வரியில் "கவனக்குறைவு இல்லை" என்று எழுதும். ஆஸ்பத்திரியின் வக்கீல் அந்த இரண்டு வரியை நுகர்வோர் ஆணையத்தில் முதல் ஆவணமாகத் தாக்கல் செய்வார். குற்றத்துக்கான அளவுகோல் வேறு, இழப்பீட்டுக்கான அளவுகோல் வேறு என்று வாதாடலாம், வாதாடியும் இருக்கிறோம். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் இருப்பது நல்லது.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுப்பது இன்னொரு வழி. அங்கே காசு கிடைக்காது. எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து சில காலம் பெயரை நீக்கலாம். "எனக்குப் பணம் வேண்டாம், இன்னொருத்தருக்கு இப்படி நடக்கக் கூடாது" என்று சொல்கிறவர்களுக்கு அந்த வழியைத்தான் காட்டுவேன்.

எல்லா ஃபைலிலும் வழக்கு இருக்காது. இல்லை என்று சொல்வதும் என் தொழில்தான், அதிலும் கஷ்டமான பகுதி. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் அப்பாவின் ஃபைலோடு வந்தார். பைபாஸ் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த மறுநாள் பெரியவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. "நடந்து போனவர் சார் எங்கப்பா. தூக்கிட்டு வந்தோம்" என்று என் ஜூனியரிடம் அழுதிருக்கிறார். நானும் அந்த ஓய்வுபெற்ற சர்ஜனும் ஃபைலைத் தாள் தாளாகப் பார்த்தோம். ஒப்புதல் படிவத்தில், அச்சடித்த பகுதிக்குக் கீழே பேனாவால் தமிழில், பக்கவாதம் வரக்கூடிய வாய்ப்பு பற்றி எழுதி, பெரியவரும் மகனும் கையெழுத்திட்டிருந்தார்கள். கை வலுவிழந்ததை நர்ஸ் பார்த்த நேரம், டாக்டர் வந்த நேரம், ஸ்கேன் எடுத்த நேரம், நரம்பியல் மருத்துவர் வந்த நேரம் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி வந்தன. எங்கேயும் இடைவெளி இல்லை.

வழக்கு இல்லை என்றேன். "நீங்களும் டாக்டர் பக்கமா?" என்று கேட்டார். அவர் கோபத்தில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு சிகிச்சை பலிக்காமல் போவது மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபரில், சிறுவன் ஒருவனின் கண்ணிமை ஆபரேஷன் பற்றிய சண்டிகர் வழக்கிலும் அதையே சொன்னது. மருத்துவர் நாட்டிலேயே சிறந்தவராக இருக்க வேண்டியதில்லை. அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒருவர் செய்வதைச் செய்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1957இல் போலம் வழக்கில் வந்த அளவுகோலை நம் நீதிமன்றங்கள் இப்படித்தான் எடுத்தாள்கின்றன. வாத்தியாருக்கு உண்மையில் வேண்டியிருந்தது விளக்கம். சர்ஜன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரத்தக்குழாயைப் படம் போட்டுக் காட்டினார். அந்த ஒரு மணி நேரத்தை ஆபரேஷன் செய்த இடத்திலேயே யாராவது கொடுத்திருந்தால் அவர் என் அலுவலகத்துக்கு வந்திருக்கவே மாட்டார். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடம் மேடை கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்கிறேன். பேசினால் தவறை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொள்வதுதான் பல வழக்குகளைப் பிறப்பிக்கிறது.

நல்லது கெட்டது பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும். அவர் கிடைப்பதுதான் அரிது. ஒரே ஊரில் ஒருவருக்கு எதிராக இன்னொருவர் எழுதித் தர மாட்டார். பக்கத்து மாவட்டத்துக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய ஆறுதல். அது மலேரியா நோயாளிக்கு டைஃபாய்டு வைத்தியம் பார்த்த வழக்கு. வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டால் அது தவறு என்று சொல்ல யாரும் எம்.எஸ். படித்திருக்க வேண்டியதில்லை. சிக்கலான வழக்கில் நிபுணர் இல்லாமல் நிற்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிந்தி வருகிறவர்களின் கதைதான் என்னை அதிகம் வருத்துகிறது. நுகர்வோர் ஆணையத்தில் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. எப்போதிலிருந்து இரண்டு ஆண்டு? தவறு உடனே தெரிந்தால் அன்றிலிருந்து. உள்ளே மறைந்திருந்தால், தெரியவந்த அல்லது முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து. அந்த இரண்டாவது பாதியில்தான் வழுக்குகிறது. 2010இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கில், 1993இல் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு 2002இல் இன்னொரு ஆபரேஷனில் வயிற்றுக்குள்ளிருந்து காஸ் துணி எடுத்தார்கள். 2004இல் வழக்குப் போட்டார். ஒன்பது ஆண்டுகள் வலியோடு இருந்தும் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் திரும்பப் போகவில்லை, அவர் அனுபவமுள்ள நர்ஸ் வேறு, என்ன ஏது என்று விசாரித்திருக்க வேண்டும் என்று சொல்லி வழக்கு காலங்கடந்தது என்றார்கள். அந்தத் தீர்ப்போடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. வலியைப் பொறுத்துக்கொள்வதையே நம் வீடுகளில் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், பிறகு ஏன் பொறுத்தாய் என்று கேட்கிறோம். ஆனால் அது சட்டம். ஆகவே ஆபரேஷனுக்குப் பின் வலி நீடித்தால் அதே மருத்துவரிடம் திரும்பப் போய்ச் சீட்டில் எழுதி வாங்குங்கள் என்கிறேன். உடம்புக்கும் அது நல்லது, வழக்கு வந்தால் அதற்கும் நல்லது.

பெண்களின் உடம்பு என்றதும் ஒப்புதல் கையெழுத்து நினைவுக்கு வருகிறது. முழு நினைவோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை விட்டுவிட்டு, "வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்கிற வழக்கத்தை நான் எத்தனையோ ஃபைல்களில் பார்க்கிறேன். ஆபரேஷனின் பெயர் எழுத வேண்டிய கோடு காலியாக இருக்கும். கீழே கைநாட்டு மட்டும் இருக்கும். 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு டெல்லி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் அவருடைய அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய ஒருவருக்காக வேறு யாரும் சம்மதம் தர முடியாது என்றது நீதிமன்றம். கேட்காமல் உறுப்பை எடுத்திருந்தால், ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், ஒரு வக்கீலைப் பார்க்கலாம்.

செய்ததைவிடச் செய்யாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது கடினம். எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்த சில வாரங்களுக்குள் பரிசோதிக்க வேண்டும் என்பதைச் செய்யவும் இல்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போது, அந்தப் பெற்றோர் பத்தொன்பது ஆண்டுகள் காகிதங்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்களே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

செலவு பற்றிக் கேட்கத் தயங்குகிறவர்கள் நிறைய. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. ஐம்பது லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் நீதிமன்றக் கட்டணமே இல்லை. சென்னையில் வைத்தியம் பார்த்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "கிடைக்கிறதுல முப்பது பர்சன்ட் கொடுத்தா போதும்" என்று சொல்லி வருகிற வக்கீலை நம்ப வேண்டாம். தீர்ப்பில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. கொல்கத்தா வழக்கு ஒன்றில் 2013இல் ஏறக்குறைய ஆறு கோடி கொடுத்த செய்தியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம், நம் மாவட்ட ஆணையங்களில் நான் பார்ப்பவை பெரும்பாலும் சில லட்சங்களில் நிற்கின்றன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பில் வருஷங்கள் ஆகின்றன.

காப்பீட்டு அட்டையில் வைத்தியம் பார்த்தவர்கள் ஒரு தவறான எண்ணத்தோடு இருக்கிறார்கள். "முதலமைச்சர் காப்பீட்டுலதானம்மா பாத்தாங்க, நாங்க ஒரு பைசா கட்டல. நாங்க எப்படிக் கேக்குறது?" நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் அது காசு வாங்கிச் செய்த சேவைதான் என்று 1995 தீர்ப்பிலேயே இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டிப் படுத்தவருக்கும் கேட்கிற உரிமை உண்டு.

எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரிதான் நுகர்வோர் ஆணையத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஏழைகளில் பெரும்பாலோர் போகிற இடமும் அதுதான். அவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிற வக்கீல்கள் இருக்கிறார்கள், அது சரியல்ல. ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனின்போது வயிற்றில் துணியை விட்டுவிட்டதால் ஒரு பெண் இறந்தார். அவர் குடும்பம் சிவில் வழக்குப் போட்டது. ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல். உண்மை மறுக்க முடியாததாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு வழி இருக்கிறது. சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட விவகாரத்தில் 2019இல் 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். அரசு ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டு மனுப் போடலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வக்கீல் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. அங்கே போய் முதல் நாளே வழக்கு என்று பேச வேண்டாம். கேஸ் ஷீட் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள்.